டயருக்கு உறை

ஹார்லன் கேரவனின் முன்டயருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் துணியால் டயரைத் துடைத்தார். பிறகு உறையை மெல்ல இழுத்து, சுருக்கம் விழாமல் நீவிவிட்டார். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் வெல்டாவுக்கு ஒரு கோட்டைக்கூட அவர் இப்படி மாட்டிவிட்டதில்லை.

அவள் வண்டிக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அக்டோபர் பிறந்தால் மனுஷனுக்கு இதே பிழைப்பு. கனடாவின் சஸ்காட்சுவான் பனி வண்டியைத் தொட்டுவிடக் கூடாது. அதற்கென்றே ஊருக்கு வெளியே, குளிர்காலம் முழுக்கச் சூடேற்றி வைக்கிற இந்த வாடகைக் கொட்டகை. வீட்டில் அவள் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினால் மட்டும் முணுமுணுப்பு.

இந்தக் குளிர் அவள் நுரையீரலுக்கு ஆகாது, குளிர்காலத்துக்குத் தெற்கே வெயிலடிக்கிற அரிசோனா போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். படுக்கை, அடுப்பு, குழாயோடு ஓட்டிப் போகிற இந்தக் கேரவனை வாங்கியதே அதற்குத்தான்.

வாங்கிய பிறகு ஐயாவுக்கு ஞானம் பிறந்தது. பனிக்காகச் சாலையில் உப்புத் தூவுவார்களாம், வண்டியின் அடி துருப்பிடித்துவிடுமாம். கோடையில் போகலாம் என்றால் வெயிலில் பெயின்ட் வெளுத்துவிடுமாம். அவள் இருமினால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று வருடமாக அதே வைத்தியம்.

உள்வேலை வெல்டாவுடையது. அவருக்கு முட்டி மடங்காது. கொட்டகையில் ஒருநாள் சூடு நின்றுபோனாலும், தண்ணீர் தங்கிய குழாய்கள் உறைந்து வெடித்துவிடுமாம். அதை வடித்துவிட்டு, உறையாத ரோஸ் நிறத் திரவத்தை ஏற்ற வேண்டும். கடைசிக் குழாயிலும் ரோஸ் வந்தால் வேலை முடிந்தது.

"வெல்டா, ரோஸ் வருதா?" வெளியிலிருந்து கேட்டார்.

"நல்லா வருது. நீ ஆபீஸ்ல போய் வாடகைக்குக் கையெழுத்து போட்டுட்டு, காபி குடிச்சிட்டு நிதானமா வா."

மற்ற டயர்களை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது வண்டியின் முகப்பைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார். அவள் இருமியது அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் விழாததுபோல் போனார்.

அவர் கொட்டகை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வெல்டா இறங்கினாள். மாட்டிய ஒற்றை உறையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

மறுபடி ஏறி, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, டம்ளரைக் குழாயடியில் பிடித்தாள்.

தண்ணீர் பளிங்காக வந்தது. நேற்றே தொட்டி நிறைய நிரப்பியிருந்தாள்.

சாவி வண்டியிலேயே இருந்தது. இருபது அறுவடைக்குக் கோதுமை லாரி ஓட்டிய கை அவளுடையது. தெற்கே போகும் சாலை காய்ந்து கிடந்தது, இன்னும் ஒரு கல் உப்பு விழவில்லை.

ஹார்லன் வீடு திரும்புவதற்கு, அவர்களுடைய பிக்கப் வண்டி பக்கத்திலேயே நின்றது. அதன் இருக்கையில், மூடி திறக்காத ஆறு ரோஸ் திரவக் கேன்களை வரிசையாக அடுக்கி, மேலே அவருடைய ஸ்வெட்டரை மடித்து வைத்திருந்தாள்.