படிக்கட்டுச் சத்தம்

இது நான் நேரில் பார்த்ததில்லை. விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் சித்ரா அக்கா சொன்னது. எங்கள் ஊர், கெடார்க்காரர். எனக்கு ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. ஆட்களை எப்படி நடத்துவது என்று பயமாக இருந்தது. அதைக் கேட்கப் போனபோதுதான் இதைச் சொன்னார்.

கடையின் மாடியில் சேலைப் பிரிவு. அதற்கு மேனேஜர் நெடுஞ்செழியன். அவருடைய நாற்காலி கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில். அவர் மேலே வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும்.

"மேல என்ன பண்ணிக்கினு இருக்கீங்க? தூங்குறீங்களா? இது கடையா, சத்திரமா?"

முதல் படியிலேயே ஆரம்பித்துவிடுவார். துணி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வேலை செய்யும் பெண்களுக்கு முகம் செத்துப் போகும்.

ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, கவுன்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு. யாராவது அதில் உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. கீழ்த்தளத்தில் அப்படி ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

மாடியில் புனிதா என்று ஒருத்தி. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரியும். கணவர் இல்லை. பிள்ளைகளுக்கு அவள் சம்பளம்தான் சோறு. கூட்டம் இல்லாத மத்தியானத்தில் கொஞ்சம் உட்கார்ந்தால்தான் அவளால் ராத்திரி வரை நிற்க முடியும்.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கீழிருந்து சத்தம் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"ஆடு மாடுகூட ஒரு எடத்துல குந்துது. இந்த ஆளால பெரிய பேஜாருக்கா."

"முதலாளி பின்னாடி வந்தா இன்னும் ஜாஸ்தியா கத்துறாரு, கவனிச்சியா?" என்பார் சித்ரா அக்கா. "நல்லா காக்கா புடிக்கிறாரு."

முதலாளி கடைக்குள் செருப்பு போட மாட்டார். கடை அவருக்குச் சாமி மாதிரி. கல்லாவுக்குப் பக்கத்தில் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பார். நெடுஞ்செழியன் முன்னால் கத்திக்கொண்டே ஏற, அவர் பின்னால் சத்தமில்லாமல் வருவார்.

ஒருநாள் முதலாளியின் மருமகள் மாடிக்கு வந்து, யாருக்கு என்ன குறை என்று கேட்டார். படித்தவர். புனிதாதான் முன்னால் வந்தாள்.

"சம்பளம்கூட ஏத்தித் தர வேணாங்க. நாலு பேர் முன்னாடி எங்கள இப்படிக் கத்த வேணாம்னு சொல்லுங்க. அது போதும்."

மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். நெடுஞ்செழியனைத் திண்டிவனம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்று அவர் மாடிக்கு வந்தார். புனிதா தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"கால பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"போறப்பவும் குத்திக் காட்டுறான் பாருக்கா" என்றாள் அவள்.

புதிதாக வந்த மேனேஜர் வல்லரசு. எம்.பி.ஏ. படித்தவர். எல்லோரையும் மேடம் என்று கூப்பிட்டார். பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டினார். அவர் மாடிக்கு வந்து நிற்பதே தெரியாது.

"இப்பதாங்க்கா நாமளும் மனுசங்கன்னு தோணுது" என்றாள் புனிதா.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே சேலை மடித்துக்கொண்டிருந்த சித்ரா அக்காவின் முகம் திடீரென்று மாறியது. புனிதா திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வல்லரசு.

அவள் பதறி எழுந்தாள்.

"எழுந்திருக்காதம்மா" என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து வீட்டுலயே குந்திக்க."

புனிதா அழுதாள். பிள்ளைகளைச் சொல்லிக் கெஞ்சினாள். வல்லரசு அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"ஐ.டி. கார்டை மட்டும் குடுத்துட்டுப் போங்க மேடம்."

அன்று சாயங்காலம் சித்ரா அக்காதான் அவளைப் பேருந்து நிலையம் வரை கூட்டிப் போனார். பாதி வழியில் புனிதா நின்றுவிட்டாள்.

"ஏங்க்கா, அந்த ஆளு இருந்த வரைக்கும் நான் தெனமும்தான் குந்தினேன். ஒரு வாட்டிகூட முதலாளி கண்ணுல படலையே. அது எப்படி?"

சித்ரா அக்கா அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"அவ கேட்டப்பதான் தம்பி எனக்கும் உறைச்சுது" என்றார் சித்ரா அக்கா. "கீழ்ப்படியில அவரு சத்தம் குடுத்தா, முதலாளி மேல வர்றதுக்குள்ள நாங்க எல்லாம் எழுந்து நின்னுடுவோம். அதுக்குத்தான் கத்திக்கினு வந்தாரு போல."

எனக்கு அதை அப்படியே நம்ப முடியவில்லை. ஆள் போன பிறகு நல்லவராகத் தெரிவது வழக்கம்தான். சிலருக்குச் சுபாவமே கத்துவதாக இருக்கும். வேலையில் சேர்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

திண்டிவனம் போய், அந்தக் கிளையில் மாடிப்படி ஓரம் உட்கார்ந்திருந்த நெடுஞ்செழியனிடம், வேட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டேன். அப்போதும் விழவில்லை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"கிட்ட போய்க் கேளுங்கண்ணா. சாருக்கு எப்பவுமே சத்தம் வராது. மாடிப்படி ஏறும்போது மட்டுந்தான் வரும்."