கருணாகரனின் வெள்ளெலிகள்

“டாக்சியைத் திருப்பி அனுப்பிடுங்க, மச்சான். பூங்காவனம் எங்கேயும் வரமாட்டா.”

காஜா பேராங்கில் தன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார் கருணாகரன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற மறுநாளே விஞ்ஞானி ஆகிவிட்டார். கோப்பிக் கடையில் யாராவது ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் திருத்துவதில்லை.

மனைவி பூங்காவனத்தின் மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாளை ஆபரேஷன், இன்றைக்கே வந்து படுக்க வேண்டும். கூட்டிப்போக அவளுடைய அண்ணன் அப்பாசாமி கிளேபாங்கிலிருந்து வந்திருந்தார்.

“தள்ளிப்போட்டா பரவிடும்னு டாக்டர் சொன்னாரே, மாப்பிள்ளை?”

“எந்த டாக்டர்? வெள்ளைக்கார டாக்டர். மெர்டேக்கா வாங்கி வெள்ளைக்கார ஆட்சியே போயாச்சு, இன்னும் அவன் கத்திக்குத்தான் நாம உடம்பைக் காட்டணுமா? உள்ளே வாங்க, ஒண்ணு காட்டறேன்.”

பின்கட்டில் இரண்டு கூண்டுகள். சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் தவம் கிடந்து வாங்கிவந்த வெள்ளெலிகளுக்கானவை. எல்லா எலிக்கும் மார்பில் கட்டி. இடது கூண்டுக்கு, செலினியம் என்ற தாதுவில் அவரே தயாரித்த மருந்து கலந்த தண்ணீர், வலது கூண்டுக்கு வெறும் தண்ணீர் என்பது கருணாகரனின் திட்டம். ஊற்றுவதும் கழுவுவதும் பூங்காவனத்தின் வேலை. விஞ்ஞானிகள் கூண்டு கழுவுவதில்லை.

“பாருங்க மச்சான். மருந்து குடிச்சது அத்தனையும் துள்ளுது. வெறும் தண்ணி குடிச்சது ஒண்ணுகூட மிச்சமில்லை. நாளையிலிருந்து இதே மருந்துதான் உங்க தங்கச்சிக்கும்.”

வலது கூண்டு காலியாகக் கிடந்தது. அப்பாசாமி இடது கூண்டையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் மரியாதை ஏறியது.

“மாப்பிள்ளை சொல்றதும் சரியாத்தான் படுது, தங்கச்சி. டாக்சியை அனுப்பிடவா?”

“வேணாம்ணே. நான் ஆஸ்பத்திரிக்கே போறேன்.” பின்னால் நின்றிருந்த பூங்காவனம் துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

கருணாகரன் சிரித்தார். “உலகமே நாளைக்கு என்னைத் தேடி வரப்போவுது, கட்டின பொண்டாட்டிக்கு நம்பிக்கை இல்லை. கண்ணால பார்த்துமா சந்தேகம்?”

“கண்ணால பார்த்ததாலதான் கிளம்பறேன்,” என்றாள் பூங்காவனம், செருப்பை மாட்டியபடி. “இடது கூண்டு எலிங்க முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் ஓடிச்சுங்க, அதுங்களுக்கு எதுக்கு மருந்து? பாவம், மத்ததுங்க சுருண்டு கிடந்துச்சுங்களேன்னு மருந்து எல்லாத்தையும் வலது கூண்டுக்குத்தான் ஊத்தினேன்.”