மார்மன் வீட்டுச் சாப்பாடு

"இதைக் குடிச்சா நான் மயங்கிடுவேன். கண் முழிக்கும்போது விரல்ல கல்யாண மோதிரம் இருக்கும். எனக்குத் தெரியாதா?"

லவீனியா அம்மாள் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

பாஸ்டன்காரி. பலதார மணம் உள்ள எங்கள் மார்மன் கிறிஸ்தவ சபையின் அக்கிரமங்களைப் பற்றிப் புத்தகம் எழுத, அமெரிக்காவின் மேற்கே யூட்டாவுக்கு வந்தவள், பனி கொட்டி வண்டிப்பாதை அடைபட்டதில் எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டாள். இங்கே சத்திரம் கிடையாது. ஊரில் மார்மன் அல்லாத ஒரே ஆள் கடைக்கார லோவி. அவரோ கட்டைப் பிரம்மச்சாரி. அங்கே தங்கினால் பாஸ்டன் என்ன பேசும்?

அதனால் எங்கள் வீட்டில் தங்கினாள். ஆஷெலின் மூத்த மனைவி தர்ஸா அக்கா. இளையவள் நான், மாரென்.

"இந்தக் கதையெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்றேன்.

பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே துணிமணியைவிடப் புத்தகங்கள்தான் அதிகம். எல்லாம் எங்களைத் திட்டி எழுதியவை. ஒன்றைப் பிரித்துப் படித்தாள்: "தேநீரில் மருந்து கலந்து கொடுத்து, அபலைப் பெண்களை வசப்படுத்துவார்கள்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க சபையில டீயே ஆகாதும்மா! வீட்ல தேடினாலும் ஒரு சிட்டிகை டீத்தூள் கிடைக்காது. இதை எழுதின மனுஷன் எங்க ஊர்ப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டார்."

"அப்ப சூப்புல கலப்பீங்க."

"கலந்து? உங்களை மூணாவதா கட்டிக்க ஆஷெலுக்கு ஏது தெம்பு? எங்க ரெண்டு பேர் வாய்க்குப் பயந்தே மனுஷன் பாதி நாள் மாட்டுக்கொட்டகையில இருக்கார்!"

"மாரென், வாயை மூடு" என்றாள் அக்கா.

லவீனியா அம்மாள் கொண்டுவந்த பிஸ்கட் தீர்ந்தது. காய்ச்சல் வேறு வந்து படுத்துவிட்டாள். நாங்கள் கொடுத்த எதையும் தொடவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாத நிலை.

"செத்துடுவாளோன்னு பயமா இருக்குடி" என்றாள் அக்கா.

"விடுங்கக்கா. அவ்வளவு கொழுப்பு இருந்தா கிடக்கட்டும்."

மறுநாள் மதியம் காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே லோவி வந்தார். கையில் ஒரு கூடை.

"அம்மா, நான் மார்மன் இல்லை. தைரியமா சாப்பிடுங்க."

சுடச்சுடக் கோழி சூப், ரொட்டி, வேகவைத்த ஆப்பிள். லவீனியா அம்மாள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் கூடை வந்தது. உடம்பு தேறியது. கூடவே நாக்கும் தேறிவிட்டது!

அதற்குள் மாதத்தின் முதல் வியாழக்கிழமை வந்தது. அன்று எங்களுக்கு விரதம். நாங்கள் சாப்பிடாமல் மிச்சப்படுத்துவது இல்லாதவர்களுக்குப் போகும்.

வயிறு கபகபவென்று எரிய நாங்கள் இருவரும் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தோம். எதிரே அவள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாப்பிடலையா?"

"இன்னைக்கு எங்களுக்கு விரதம்மா. ஆஷெலும் சாப்பிடலை" என்றாள் அக்கா.

"ஐயோ பாவம்! அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டி வெச்சிருக்கானா?"

கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

நான் விருட்டென்று அடுப்படிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"பாத்தீங்களா? நம்ம கூரைக்குக் கீழே, நம்ம மேஜையில, நம்ம எதிர்லயே உட்கார்ந்து தின்னுக்கிட்டு நம்மளையே எழுதறா! எல்லாம் அந்த லோவி கொடுக்கற இடம்."

அக்கா சிரித்தாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பாதை திறந்ததும் அவள் கிளம்பினாள். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு முழு அத்தியாயம்! நான் உரக்கப் படித்தேன்.

"'அந்தக் கொடியவன் தன் இரு மனைவியரையும் பட்டினி போட்டிருந்தான். அந்த மார்மன் ஊரில் எனக்கு உணவளித்து உயிர் காத்தவர், மார்மன் அல்லாத ஒரே ஒரு புண்ணியவான்.' கேட்டீங்களா அக்கா?"

அக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே லோவி கடைக்குப் போய்ப் புத்தகத்தை அவர் முன்னால் போட்டேன்.

"நாங்க கொடுத்ததை அவதான் தொடலைன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம். புண்ணியவான் பட்டத்தை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டீங்களே!"

லோவி படித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எனக்கு வெந்நீர்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதும்மா. சமைச்சது முழுக்க தர்ஸா அம்மா. பின்வாசல் வழியா என்கிட்ட வரும். நான் முன்வாசல் வழியா உங்க வீட்டுக்கே கொண்டுவருவேன். யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"அந்த வியாழக்கிழமையுமா?"

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சாப்பிடாததுதான் வந்தது."

வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கியது.

"ஏன்க்கா அவகிட்ட சொல்லலை?"

"சொன்னா அவ சாப்பிட்டிருக்க மாட்டா."

"சரி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ கொடுக்க விட்டிருக்க மாட்டே."