கறுப்புப் பையில் சந்தன சோப்பு

“குழந்தை வேலப்பர் மேல சத்தியமாச் சொல்றேன், இது வெறும் சோப்புதாங்க!”

பூம்பாறையில் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு கட்டிச் சந்தன சோப்பை உயரத் தூக்கிக்கொண்டு நர்ஸ் தமயந்தி கத்தினாள். கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பூண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாவம், அவள் வேறென்ன செய்வாள்? பிரசவம் பார்ப்பது அவளுடைய சர்க்கார் உத்தியோகம். சோப்பு விற்பது தை மாதம் பிடித்த ஏஜென்சி. கையைக் கழுவுங்கள் என்று சும்மா சொன்னால் காதில் வாங்காத ஊர், காசு கொடுத்து வாங்கிய சோப்பென்றால் கட்டாயம் கழுவும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான். பைதான் தப்பு.

பிரசவச் சாமான் வைக்கும் அதே கறுப்புத் தோல்பையில் சோப்பையும் திணித்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். பூம்பாறையில் அந்தப் பை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே தொட்டில் கட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். போன வாரம் அது பாப்பம்மாள் வீட்டுக்குள் நுழைந்தது.

பாப்பம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. மகன் குமாரவேலுக்கு அடுக்கம் கிராமத்தில் பெண் பேசியிருக்கிறது. பெண் வீட்டார் நாளைக்கு வந்து கை நனைக்க வேண்டும். வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி.

இந்த நேரத்தில் ஊர் சும்மா இருக்குமா? “என்னண்ணே, வீட்ல விசேஷமாமே! டீயில சீனி தூக்கலாப் போடவா?” என்று டீக்கடை சேனாதிபதி கேட்டதும், பாப்பம்மாளின் புருஷன் இராமலிங்கம் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு நேரே தமயந்தியிடம் வந்தார்.

“என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே நர்சம்மா! மகனுக்குக் கல்யாணம் பேசுறப்ப அப்பனுக்குத் தொட்டிலான்னு ஊரே சிரிக்குது. நாளைக்கு அடுக்கத்துக்காரங்க கை நனைக்காமப் போனா, இந்த ஊர்ல நீங்க சோப்பும் விக்க முடியாது, பிரசவமும் பாக்க முடியாது. ஆமா!”

அதற்குத்தான் இந்தச் சத்தியம்.

போன வாரம் அந்த வீட்டில் நடந்தது இவ்வளவுதான். வாசலில் நின்று புளிப்புப் பிளம்ஸ் காயைக் கடித்துக்கொண்டிருந்த பாப்பம்மாள், “ஏத்தா, உள்ள வா, ஒரு சேதி...” என்று கூப்பிட்டாள்.

“சேதி கெடக்கட்டும்க்கா, மொதல்ல நுரையப் பாருங்க!” என்று ஆரம்பித்த தமயந்தி மூச்சு விடவே இல்லை. ஓய்ந்தபோது, பாப்பம்மாளின் மடியில் நாலு கட்டி சோப்பு இருந்தது.

“சேனாதிபதியண்ணே, வெரசா வாங்க, கைய நீட்டுங்க!” என்றாள் தமயந்தி இப்போது, பஸ் நிற்கும் இடத்தில். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். நுரை முழங்கை வரை ஏறியது. தன் கை இவ்வளவு வெளுப்பா என்று சேனாதிபதியே திகைத்துப் போனார்.

“நல்லாப் பாத்துக்கங்க! பாப்பம்மாக்கா வீட்டுக்கு இதைக் குடுக்கத்தான் போனேன். வேற சோலியே இல்ல. அந்த வீட்ல வேற ஏதாச்சும் விசேஷம்னா, இந்தப் பையத் தூக்கிப் பள்ளத்துல வீசிட்டு நான் வேலைய விட்டே போறேன்!”

கூட்டம் கைதட்டியது. இராமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். பையிலிருந்த சோப்பெல்லாம் பஸ் வருவதற்குள் தீர்ந்துபோனது.

மறுநாள் வெள்ளனே வந்து இறங்கிய அடுக்கத்துக்காரர்கள் காதிலும் சோப்புக் கதை விழுந்தது. பெண்ணின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சோப்பையே கேட்டு வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, இலையில் உட்கார்ந்து மூன்று தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். சம்பந்தம் உறுதியாயிற்று.

அவர்கள் கிளம்பியதும் தமயந்தி பாப்பம்மாளின் அடுப்படிக்கு ஓடினாள்.

“அக்கா, உங்க மானத்தக் காப்பாத்திட்டேன்! எம்புட்டுப் பெரிய சத்தியம் தெரியுமா? வேலையவே பணயம் வச்சுட்டேன்ல!”

பாப்பம்மாளுக்கு முகமே சரியில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உறைகூடப் பிரிக்காத மிச்ச மூன்று சோப்புக் கட்டிகளை எடுத்துத் தமயந்தியின் கையில் திருப்பி வைத்தாள்.

“ஏன்க்கா, வாசம் பிடிக்கலையா?”

“சோப்புக்கா நான் அன்னைக்கு உன்னயக் கூப்பிட்டேன்?”

“பின்ன?”

“நாள் தள்ளி மூணு மாசமாச்சு தாயி.”