வில்ஃபுக்குச் சுட்ட கிரம்பெட்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜனவரி வெளிச்சம் சமையலறை ஜன்னலில் சாம்பலாக நிற்கிறது. எனிட் அடுப்பிலிருக்கும் தட்டைச் சட்டியில் நான்கு இரும்பு வளையங்களை வைத்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கிய கிரம்பெட் ரொட்டி மாவைக் கரண்டியால் ஊற்றுகிறாள். மேஜையருகே சக்கர நாற்காலியில் அவள் கணவன் வில்ஃப். தொண்டைப் புற்று முற்றிவிட்டது. இனி வாய்வழியாக எதுவும் கூடாது என்று நேற்றுதான் டாக்டர் சொன்னார். காலையில் எழுந்ததும் அவன், “கிரம்பெட் சுடு, வாசனையாவது பிடிக்கிறேன்” என்றான். “ஓட்டை விழுதா?” என்று கேட்கிறான் இப்போது. குரல் வெறும் காற்றாக வருகிறது. “விழுது, விழுது. உன் சாக்ஸ் மாதிரியே.” குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்து மேலெல்லாம் சின்னச் சின்னத் துளைகள். ஒன்றை எடுத்துச் சூட்டோடு வெண்ணெய் தடவுகிறாள். அது உருகித் துளைகளுக்குள் இறங்குகிறது. தட்டை அவன் மூக்கருகே பிடிக்கிறாள். அவன் கண்மூடி முகர்கிறான். தொண்டை வெறுமனே ஏறி இறங்குகிறது. “போதும். ஆறுறதுக்குள்ள நீ சாப்பிடு, கண்ணு.” “எனக்கு எப்படிய்யா இறங்கும்?” “சாப்பிடு. நான் பாக்குறேன்.” எனிட் நின்றபடியே கடிக்கிறாள். வெண்ணெய் மணிக்கட்டில் வழிகிறது. அவள் மெல்லும்போதெல்லாம் அவன் தாடையும் கூடவே அசைகிறது.