தனிமை அளக்கும் வாரம்

எங்கள் தெருப் பொதுச் சமையலறைக்கு அரிசியும் எரிவாயுவும் ஓர் அறக்கட்டளை தருகிறது. எல்லா வீட்டு வாசலிலும் அவர்கள் மாட்டிய தனிமைமானி இருக்கிறது. தெருவின் சராசரித் தனிமை ஐம்பதுக்குக் கீழே போனால் உதவி வேறு தெருவுக்குப் போய்விடும்.

சேர்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எங்கள் எண் சரசரவென இறங்கிவிட்டது. அதனால் அளக்கும் வாரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பதென்று கூடி முடிவெடுத்தோம். கடைசி வீட்டு சவரிராஜ் அண்ணன் மட்டும் வரவில்லை. மனைவி போனதிலிருந்து அவர் எங்கும் வருவதில்லை. வாரம் தொடங்கியதும் நான் போய், "ஒரு வாரம் கதவைத் திறக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாரக் கடைசியில் அறக்கட்டளை மெட்டில்டா வந்து கணக்கைப் பார்த்துக் குழம்பினார். "எல்லா வீடும் எண்பதுக்கு மேல. எப்பவும் தொண்ணூறுல இருக்கிற கடைசி வீடு மட்டும் பன்னிரண்டு. எப்படிங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போனது நான் மட்டுமல்ல. எங்கள் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் அந்த வாரத்தில் தனித்தனியாகப் போய் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குள் சவரிராஜ் அண்ணன் தன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். சட்டை மாற்றியிருந்தார்.

"அளந்தாச்சா? இனிமே திறக்கலாம்னு சொல்ல யார் யார் வருவீங்க? டீ போடணும்ல."