அக்காவின் சந்தேகம்

"ஒருத்தன் கையைப் பிடிச்சா விடுவிச்சுக்கத் தெரியுமா?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார்.

பஸ்ஸில் ஒருவன் என் கையைப் பிடித்ததால்தான் நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

காளவாசலில் ஒரு மாடியில் ஹாப்கிடோ என்னும் கொரியாச் சண்டை கற்றுத்தந்தார்கள். என்னைச் சேர்க்கலாமா என்று பார்த்துவர, புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த ஜெயக்கொடி அக்காவை அம்மா அனுப்பியிருந்தாள்.

"கொரியான்னாங்க, பேச்சு கொட்டாம்பட்டியால்ல இருக்கு?" என்றாள் அக்கா.

"வித்தைதாங்க கொரியா" என்ற மாஸ்டர், ஒரு மாணவனைத் தன் கையைப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவிக் காட்டினார்.

"பேசி வச்சுக்கிட்டு விடுறாங்கடி. நீ என் கையைப் பிடி. இன்னும் இறுக்கி."

மூன்று முறை பிடித்தேன். மூன்று முறையும் அக்காவின் கை உருவி வந்துவிட்டது. அப்போதும் அவள் நம்பவில்லை.

"நீ பிடிச்சா யாருக்கும் வரும். ஆம்பள பிடிச்சால்ல தெரியும்? பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் அக்காவை அழைத்துப்போக மாமா வந்தார். "நடடி வீட்டுக்கு" என்று, எப்போதும்போல், பழைய தழும்பின் மேலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

அக்கா கையைத் திருப்பினாள்.

"நெசந்தான்டி" என்றாள் என்னிடம். "நாளைக்கே சேந்துருவோம். நானும் வாரேன்."

மாமா தன் வெறுங்கையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, தனியாகவே போனார்.